சிவப்புக் கிளி வீடு

கல்யாணமாகி ஏழு வருஷம் ஸ்ரீரங்கத்திலேயே இருந்துவிட்டு, பிறகுதான் பொன்மலை ரயில்வே குவார்ட்டர்ஸுக்குக் குடிவந்தோம். வந்த முதல் நாளே எனக்கு ஒரு பயம் பிடித்துக்கொண்டது. எங்கள் லைனில் எல்லா வீடும் ஒரே வீடு. ஒரே மஞ்சள் சுவர், ஒரே சாம்பல் நிறக் கதவு, கதவுக்கு இடப்பக்கம் ஒரே மாதிரி ஒரு சின்ன ஜன்னல். நம்பர் போட்டிருந்தது உண்மைதான். ஆனால் அதன் மேலேயே வருஷாவருஷம் சுண்ணாம்பு பூசிப் பூசி, மூன்றா எட்டா என்று பக்கத்தில் போய்த் தடவிப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். பின்னால் அடுத்த லைன், அதற்குப் பின்னால் அதற்கடுத்த லைன், எல்லாம் இதே கதை.

ஸ்ரீரங்கத்தில் தொலைந்துபோவது கஷ்டம். எந்தத் தெருவில் நின்றாலும் ஏதாவது ஒரு கோபுரம் தலையை நீட்டும். காவியும் வெள்ளையுமாகப் பட்டை அடித்த மதிலை ஒட்டியே நடந்தால், எவ்வளவு அசடாக இருந்தாலும் சுற்றிக்கொண்டு புறப்பட்ட இடத்துக்கே வந்து சேரலாம். அப்படி வளர்ந்தவளுக்கு இந்த லைன் வீடுகள் பரீட்சைத் தாள் மாதிரி இருந்தன. பதில் தெரியும், ஆனாலும் சந்தேகம்.

என் கணவர் ஒர்க்ஷாப்பில் டைம் ஆபீஸில் கிளார்க். அவருக்கு எதற்கும் பயம் கிடையாது, அதனால் கவனமும் கிடையாது. குடிவந்த புதிதில் ஒரு நாள் சாயங்காலம் சங்கு ஊதியதும் சைக்கிளில் வந்தவர், நேராகப் பக்கத்து வீட்டுக்குள் போய், சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்து, "காபி" என்றாராம். அது பாய்லர் ஷாப்பில் வேலை பார்ப்பவரின் வீடு. அவர் மனைவி என்னைவிடப் பெரியவர், வையம்பட்டிப் பக்கம். நான் அக்கா என்று கூப்பிடுவேன். அக்கா ஒன்றும் பேசாமல் காபியைக் கொடுத்து, அவர் குடித்து முடித்து டம்ளரைக் கீழே வைத்த பிறகுதான், "உங்க வீட்ல உங்களுக்காகக் காத்திட்டிருப்பாங்க சார். போயிட்டு வாங்க" என்று சொன்னாராம்.

"ஏன் முதல்லயே சொல்லல?" என்று நான் கேட்டபோது அக்கா, "பாவம், களைச்சு வந்தாரு. யார் வீட்டுக் காபியா இருந்தா என்ன?" என்றார்.

லைனே சிரித்தது. நானும் சிரித்தேன். சிரித்துவிட்டு இரவெல்லாம் யோசித்தேன். படித்த மனுஷருக்கே வீடு தெரியவில்லையென்றால், ஒன்றாம் வகுப்பில் அப்போதுதான் சேர்த்திருக்கும் என் மகளுக்கு எப்படித் தெரியும்?

நான் பயந்தது நடந்தது. அந்த வாரமே ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்டு எல்லாப் பிள்ளைகளும் வந்தாயிற்று, என் பெண்ணைக் காணோம். கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு லைன் லைனாக ஓடினேன். கூடவே அக்காவும் ஓடி வந்தார். இரண்டு லைன் தள்ளி, சரியாக எங்கள் வீடு இருக்க வேண்டிய இடத்தில் இருந்த வீட்டில், முன்பின் தெரியாத ஒரு அம்மாள் என் மகளுக்குத் தயிர்சாதம் ஊட்டிக்கொண்டிருந்தார். மகள் கண்ணில் அழுத தடம் இருந்தது. வாயில் மாவடு இருந்தது.

"வீட்டுக்குள்ள வந்து அம்மான்னு கூப்பிட்டுச்சு. என்னைப் பாத்ததும் ஒரே அழுகை. என் மூஞ்சி அவ்வளவு மோசமாவா இருக்கு?" என்றார் அந்த அம்மாள்.

மறுநாளிலிருந்து நானே கொண்டுபோய் விட்டு நானே கூட்டி வந்தேன். மழை வந்தாலும் வெயில் வந்தாலும், இடுப்பில் ஒன்று, கையில் ஒன்று. என் கணவர், "நீ பேசாம அங்கயே ஒன்றாம் வகுப்புல சேந்துடு. நடை மிச்சம்" என்றார். சேர்ந்துவிடலாமா என்று ஒரு கணம் யோசித்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அப்போதுதான் கிளி ஞாபகம் வந்தது. மணலும் காடும் மூடிப் போய், ஸ்ரீரங்கம் கோயில் இருக்கும் இடமே தெரியாமல் இருந்த காலத்தில், மரத்தில் உட்கார்ந்திருந்த ஒரு கிளிதான் சோழ ராஜாவுக்கு அந்த இடத்தைச் சொல்லிக் கொடுத்ததாக எங்கள் ஊரில் சொல்வார்கள். ராஜாவுக்கே வழி சொன்ன பறவை என் பெண்ணுக்குச் சொல்லாதா? பள்ளிக்கூடத்தில் டிராயிங் லோயர் பரீட்சை பாஸ் செய்தவள் நான். வாசல் சுவரில் ஒரு பச்சைக் கிளி போட்டுவிட்டால் வீடு தனியாகத் தெரிந்துவிடும்.

குவார்ட்டர்ஸ் சுவரில் படம் போடலாமா, கூடாதா? போடலாம் என்று எங்கும் எழுதியிருக்கவில்லை. கூடாது என்றும் எழுதியிருக்கவில்லை. இரண்டு நாள் இதையே யோசித்துவிட்டு, மூன்றாம் நாள் மத்தியானம், எல்லோரும் படுத்திருக்கும் நேரமாகப் பார்த்து வேலையைத் தொடங்கினேன். பச்சைக்கு எங்கே போவது? மஞ்சளும் நீலமும் சேர்ந்தால் பச்சை என்று டிராயிங் டீச்சர் சொல்லிக் கொடுத்திருக்கிறார். சமையலறையில் மஞ்சள் தூள் இருந்தது, வெள்ளைத் துணிக்குப் போடும் நீலம் இருந்தது. கொஞ்சம் கோந்து சேர்த்துக் கரைத்தேன். கைக்குழந்தை அழுதுவிடுமோ, யாராவது வந்துவிடுவார்களோ என்று திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வரைந்ததில் கிளியின் மூக்கு கொஞ்சம் கோணிவிட்டது. மற்றபடி நன்றாகவே இருந்தது. பெரிய வால், மடித்த சிறகு, நல்ல பச்சை.

சுவருக்கு அப்போதுதான் புதிதாகச் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள். அது எனக்குத் தெரியும். மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதும் தெரியும். ஆரத்திக்குக் கரைத்துக் கரைத்துக் கை சிவந்தவள். இரண்டையும் தனித்தனியாகத் தெரிந்து வைத்திருந்தேனே தவிர, சேர்த்து யோசிக்கவில்லை.

காலையில் கோலம் போட வெளியே வந்தால், சுவரில் ஒரு சிவப்புக் கிளி.

அக்கா வாளியும் கையுமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏம்மா, நேத்து பச்சையா இருந்துச்சுன்னு பிள்ளைங்க சொன்னாங்க?"

"ஆமாக்கா."

"ராத்திரி ஆரத்தி எடுத்தியா அதுக்கு?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. படித்தவள், லோயர் பாஸ், ஒரு மஞ்சளும் சுண்ணாம்பும் தெரியவில்லை. துடைத்துவிடுகிறேன் என்று உள்ளே போய் ஈரத்துணியை எடுத்து வந்தேன். ஆனால் என் மகள் அதற்குள் எழுந்து வந்து கிளியின் முன்னால் நின்றுவிட்டாள். தொட்டுப் பார்த்தாள். விரலை முகர்ந்து பார்த்தாள். "ரசம் வாசனை" என்றாள். அதற்கு மேல் துடைக்க மனசு வரவில்லை.

அன்றைக்கும் பள்ளிக்கூடத்துக்கு அழைக்கப் போனேன். ஆனால் லைன் முனையிலேயே அவள் கையை விட்டுவிட்டுப் பின்னால் நின்றுகொண்டேன். அவள் ஓடினாள். ஒவ்வொரு வீடாகப் பார்த்துக்கொண்டே போய், கிளிக்கு நேராகத் திரும்பி உள்ளே நுழைந்தாள். அன்று நான் சாம்பாரில் உப்புப் போட மறந்துவிட்டேன். சந்தோஷத்தில்தான்.

பிறகு நான்கு நாள், எங்கள் வீடு சிவப்புக் கிளி வீடு. தபால்காரர் அப்படிச் சொன்னார். கீரைக்காரம்மா அப்படிச் சொன்னாள். ஜங்ஷனிலிருந்து ஜட்காவில் வந்த என் அண்ணன், நம்பரைச் சொல்லி லைன் லைனாகச் சுற்றி ஓய்ந்துபோய், கடைசியில் யாரோ, "கிளி போட்டிருக்குமே, அதுவா?" என்று கேட்டு வழிகாட்டியதாகச் சொன்னான். உள்ளுக்குள் எனக்குக் கொஞ்சம் பெருமை. அந்தப் பெருமைக்குத்தான் ஐந்தாம் நாள் தண்டனை வந்தது.

அக்கா வந்தார். "எங்க வீட்டுக்கும் ஒண்ணு போட்டுக்குடும்மா."

"தாராளமா. என்ன போடட்டும்? மாங்காய், தாமரை..."

"மாங்காயா? உனக்குக் கிளி, எனக்கு மாங்காயா?"

"இல்லக்கா, வேற வேறயா இருந்தாத்தானே..."

"நான் என்ன உனக்கு வேறயா? அதே கிளி போடு. அதே சிவப்பு."

எனக்கு இல்லை என்று சொல்ல வராது. என்னிடம் இருக்கும் பெரிய வியாதி அதுதான். அக்கா வீட்டில் கிளி போட்டேன். இந்தத் தடவை யாருக்கும் பயப்படவில்லை, மூக்கு நேராக வந்தது. மறுநாள் எதிர்வீட்டம்மா வந்தார். "அந்த வீட்டுக்குப் போட்டுட்டு எங்களுக்கு இல்லைன்னா எப்படி?" அவர் பங்குக்கு மஞ்சள் தூளையும் கையோடு கொண்டுவந்திருந்தார். அப்புறம் அவருக்கு அடுத்த வீடு, அதற்கடுத்த வீடு. ஆடிக்குச் சமயபுரம் போய்விட்டு வந்தவர்கள் தங்கள் வாசலில் மட்டும் கிளி இல்லாததைப் பார்த்து முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள். அவர்களுக்கும் போட்டேன். கடைசி வீட்டுப் பாய் வீட்டில் மட்டும், "உருவம் வேண்டாம்மா, ரோஜாச் செடி போடுங்க" என்றார்கள். அந்த அம்மாளைக் கட்டிக்கொள்ளலாம் போல் இருந்தது.

ஆக, எங்கள் லைனில் மறுபடியும் எல்லா வீடும் ஒரே வீடு. முன்னே மஞ்சள் சுவராக இருந்தது, இப்போது கிளிச் சுவர்.

என் கணவர் சைக்கிளை நிறுத்திவிட்டு லைனை மேலும் கீழும் பார்த்தார். "நல்ல வேலை பண்ணியிருக்க. இத்தனை நாள் மனுஷனுக்குத்தான் வீடு தெரியல. இனிமே கிளிக்கே தெரியாது" என்றார்.

அவர் சொன்ன மறுநாள் என் மகள் பள்ளிக்கூடம் விட்டு வீட்டுக்கு வரவில்லை. தேடிப் போனால் அக்கா வீட்டில் இருந்தாள், கிண்ணத்தில் எதையோ வைத்துச் சாப்பிட்டுக்கொண்டு. எனக்குப் பகீர் என்றது. நான் வைத்த அடையாளத்தை நானே கெடுத்துவிட்டேன். இன்றைக்குப் பக்கத்து வீடு, நாளைக்கு எந்த வீடோ.

அன்று சாயங்காலமே குழாயடியில் எல்லோரையும் கூட்டி விஷயத்தைச் சொன்னேன். என் வாழ்நாளில் நான் செய்த ஒரே மேடைப் பேச்சு அது. ஆளுக்கொரு படமாகப் போட்டுக்கொள்ளலாம், எல்லாம் நானே போட்டுத் தருகிறேன், கிளியை மட்டும் எனக்கு விட்டுவிடுங்கள் என்றேன்.

"கிளியை உனக்கே வெச்சுக்கிட்டு எங்களுக்கு என்ன, காக்காவா?" என்றார் எதிர்வீட்டம்மா.

"காக்கா வேண்டாம். மயில் போடறேன்."

"மயில் எனக்கு" என்று மூன்று குரல்.

அந்தப் பேச்சு முடிவதற்குள் குழாயில் தண்ணீரே நின்றுவிட்டது. கடைசியில் மயில் எதிர்வீட்டுக்குப் போயிற்று. அக்கா யானை கேட்டார், "ஸ்ரீரங்கம் யானையா போடு, நாமம் போட்டு" என்று. இன்னொரு வீட்டுக்குப் பூசணிக்காய், இன்னொன்றுக்கு மீன். எஞ்சின் டிரைவர் வீட்டில் ரயில் எஞ்சின்தான் வேண்டும் என்றார்கள். அதைப் போட்டு முடிப்பதற்குள் அந்த டிரைவர் பின்னால் நின்றுகொண்டு, "இந்தச் சக்கரத்துல ஓட்டினா அடுத்த ஸ்டேஷன் மஞ்சத்திடல் கூடத் தாண்டாதும்மா" என்று சொல்லிச் சொல்லி, என்னைக் கண்ணீர் விட வைத்தார்.

பழைய கிளிகளைத் தேங்காய் நாரால் ஆளாளுக்குத் தேய்த்துக் கழுவினோம். நாள்பட்டதால் அவை ஏற்கெனவே வெளிறி மஞ்சள் பூத்திருந்தன. மஞ்சள் சுவரில் கலந்து, இருந்த இடமே தெரியவில்லை. அதன் மேல் காவியும் நீலமும் வெள்ளையும் கடையில் வாங்கின பச்சைப் பொடியுமாகப் புதுப் படங்களைப் போட்டேன். என் வீட்டுக் கிளியும் வெளிறித்தான் போயிருந்தது, ஆனால் அதை யாரும் தேய்க்கவில்லை. மூக்கை மட்டும் திருத்திவிட வேண்டும் என்று தினமும் நினைப்பேன். தினமும் ஏதாவது வேலை வந்துவிடும்.

அந்தச் சில மாதங்களில் எங்கள் லைன் மாறிப் போனதை இப்போது நினைத்தாலும் ஆச்சரியமாக இருக்கிறது. வாசலில் சாணி தெளித்துவிட்டு உள்ளே போய்விடுகிறவர்கள் படத்துக்காக வாசலில் நின்றார்கள். சுவரோரம் குப்பை கொட்டினால், "மயில் மேலயா கொட்டறீங்க?" என்று சண்டைக்கு வந்தார்கள். பக்கத்து லைன்காரர்கள் சாயங்காலம் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வேடிக்கை பார்க்க வந்தார்கள். பூசணிக்காய் வீட்டில் கல்யாணம் பேசிவிட்டார்கள், மீன் வீட்டில் குழாய் ஒழுகுகிறது என்றுதான் செய்தி போகும். நம்பர் யாருக்கும் ஞாபகமில்லை. என் மகள் தானாகப் போய்த் தானாக வந்தாள். நான் வாசலோடு நின்றுகொண்டேன். வாசலில் நிற்பதை மட்டும் விட முடியவில்லை.

அப்போதுதான் குவார்ட்டர்ஸைப் பராமரிக்கும் மேற்பார்வையாளர் வந்தார். லைனுக்குள் நுழைந்ததும், "இந்தப் படத்தையெல்லாம் ஆரம்பிச்சு வெச்சது யாரு? சிவப்புக் கிளி வீடாமே, அது எது?" என்று விசாரித்துக்கொண்டு நேராக என் வாசலுக்கு வந்து நின்றார். படம் போட்டதால்தான் அவரால் என்னைக் கண்டுபிடிக்க முடிந்தது என்று சொல்லத் தோன்றியது.

"மேலதிகாரி பார்வையிட வரார்மா. எல்லா லைனும் ஒரே மாதிரி இருக்கணும். நாளைக்கு ஆளுங்க வந்து சுண்ணாம்பு அடிச்சிடுவாங்க."

"குழந்தைக்கு வீடு அடையாளம் தெரியணும்னுதான் சார்..."

"நம்பர் இருக்கேம்மா."

நான் கதவுக்கு மேலே பார்த்தேன். அவரும் பார்த்தார். கிட்டப் போய்க் கண்ணைச் சுருக்கிக்கொண்டு மறுபடி பார்த்தார். பிறகு அடுத்த லைனைப் பார்க்கப் போய்விட்டார்.

மறுநாள் மகள் பள்ளிக்கூடம் போன பிறகு ஆட்கள் வந்தார்கள். புதிதாகக் கரைத்த சுண்ணாம்பில் மஞ்சள் காவி கலந்து, மளமளவென்று அடித்தார்கள். மயில் போயிற்று. யானை போயிற்று. எஞ்சின் டிரைவர், "நல்லதாப் போச்சு, அந்தச் சக்கரம்" என்றார், ஆனால் அவர் முகமும் வாடித்தான் இருந்தது. எங்கள் கிளி மேலும் ஒரு பட்டை விழுந்தது. கைக்குழந்தைக்கு உடம்பு அனலாக இருந்ததால் அன்றைக்கென்று நான் அழைக்கப் போக முடியாது. ஒன்றும் தெரியாமல் குழந்தை வரும், மொட்டைச் சுவர்களைப் பார்க்கும், இரண்டு லைன் தள்ளித் தயிர்சாதத்துக்குப் போய்விடும். நான் சாப்பிடாமல் வாசலிலேயே நின்றேன்.

வெயில் ஏற ஏறச் சுவர் காய்ந்தது. எதிர்வீட்டம்மா திடீரென்று "ஐயோ!" என்றார்.

அவர் வீட்டுச் சுவரில் லேசாக ஒரு சிவப்பு தெரிந்தது. முதலில் வால். அப்புறம் சிறகு. நாரால் தேய்த்தும் சுவருக்குள் ஊறியிருந்த மஞ்சள், புதுச் சுண்ணாம்பு பட்டதும் விழித்துக்கொண்டுவிட்டது. திரும்பிப் பார்த்தால் அக்கா வீட்டிலும் ஒரு கிளி. எங்கள் வீட்டிலும் ஒன்று, அடுத்த வீட்டிலும் ஒன்று. மயிலும் யானையும் மீனும் போன இடம் தெரியவில்லை. நாங்கள் கழுவித் தொலைத்த கிளிகள் மட்டும், லைன் முழுக்க, ஒன்றுபோல் சிவந்துகொண்டு வந்தன.

அக்கா தரையில் உட்கார்ந்துவிட்டார். சிரிப்பில் அவருக்கு மூச்சே நின்றுவிடும் போல் இருந்தது. "எல்லாம் ஒரே மாதிரி இருக்கணும்னாரே! இருக்கு பாரு!" பாய் வீட்டு அம்மாள் தன் வீட்டைப் பார்த்துவிட்டு, "காவியில போட்ட ரோஜா வரவே இல்ல, எங்க வீடு மட்டும் மொட்டையா நிக்குதே" என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். நான் லைன் முனையையே பார்த்துக்கொண்டிருந்தேன். மொட்டைச் சுவராக இருந்தாலாவது குழந்தை நின்று யோசிப்பாள். இத்தனை கிளிகளில் எந்தக் கிளியை நம்புவாள்?

லைன் முனையில் பிள்ளைகள் வந்தார்கள். என் மகள் பையை ஆட்டிக்கொண்டு வந்தாள். சுவர்களைப் பார்த்து வாயைப் பிளந்தாள். கைக்குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, கூப்பிடலாமா, தானே வருகிறாளா என்று பார்க்கலாமா என்று நான் தவித்துக்கொண்டிருந்தபோதே, எங்கள் வீட்டைத் தாண்டி, என்னையும் தாண்டி, அக்கா வீட்டுக்குள் நுழைந்துவிட்டாள்.

பின்னாலேயே ஓடினேன். "நம்ம வீடு தெரியலையாடி உனக்கு?"

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "தெரியுமே. பெரியம்மா இன்னிக்கு அதிரசம் சுடறேன்னு சொன்னாங்க."

"அன்னைக்கும் இங்கதானே வந்து உக்காந்திருந்த? கிளியைப் பாத்துத்தானே மாறிப் போன?"

"அன்னைக்குப் பணியாரம்மா."

அக்கா அடுப்படியிலிருந்து, "அன்னைக்கே சொல்லியிருப்பேன். நீ குழாயடியில அவ்வளவு அழகா பேசினியா, கெடுக்க மனசு வரல" என்றார்.

"அப்ப இத்தனை கிளியில நம்ம வீடு எதுன்னு எப்படித் தெரியும்?" என்று மகளைக் கேட்டேன்.

"நம்ம கிளிக்குத்தானேம்மா மூக்கு கோணல்" என்றாள் வாய் நிறைய அதிரசத்தோடு.

சாயங்காலம் மேற்பார்வையாளர் வேலை முடிந்ததா என்று பார்க்க வந்தார். லைன் முனையிலேயே நின்றுவிட்டார். நடந்ததைச் சொன்னோம். இன்னொரு தடவை அடித்தால் போய்விடுமா என்று கேட்டார். "இன்னும் நல்லாச் செவக்கும் சார்" என்றார் அக்கா. அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு போனார். மறுநாள் மேலதிகாரியின் கார் வந்தது, பெரிய ரோட்டோடு போயிற்று, எங்கள் லைனுக்குள் திரும்பவே இல்லை. அதற்கப்புறம் எங்கள் லைனுக்கு மட்டும் யாரும் சுண்ணாம்பு வாளியோடு அவசரப்பட்டு வருவதில்லை.

இப்போது என் மகள் ஐந்தாம் வகுப்பு. ஜங்ஷனில் ஜட்காக்காரர்களிடம் கிளி லைன் என்றால் போதும். மயில் மறுபடி வந்துவிட்டது, யானையும் வந்துவிட்டது, அடியில் எங்கோ கிளிகள் இருக்கின்றன. போன பொங்கலுக்கு எல்லாப் படங்களுக்கும் வண்ணம் புதுப்பித்துவிட்டு, மிச்சமிருந்த மஞ்சளோடு எங்கள் வாசலுக்கு வந்தேன். இத்தனை வருஷமாக உறுத்திக்கொண்டிருந்த மூக்கு. குழந்தைதான் பெரியவளாகிவிட்டாளே, இனிமேலாவது திருத்திவிடலாமா, வேண்டாமா என்று நான் நின்றுகொண்டிருந்தபோது, என் கணவர் சைக்கிளிலிருந்து இறங்கினார்.

"அதைத் தொடாதே" என்றார். "நானும் அதைப் பாத்துத்தான் வீட்டுக்கு வந்திட்டிருக்கேன்."